பிறர் சொல்லை முடிக்காத ரீச்சர்

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கிறவன். என் வாய் ஓய்ந்தால் வியாபாரமும் ஓய்ந்துவிடும். வருகிறவர் “தம்பி, அந்த…” என்று இழுக்கும்போதே, “பயிற்றங்காயோ அக்கா? இப்பதான் உரும்பிராயிலை இருந்து வந்து இறங்கினது” என்று கையில் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அவர் கேட்க வந்தது பூசணிக்காயாக இருக்கும். பரவாயில்லை, இரண்டையும் வாங்கிக்கொண்டு போவார். அடுத்தவர் சொல்ல வருவதை அவருக்கு முந்திச் சொல்லிவிடுவதுதான் என் திறமை என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவர் ஒரு முன்பள்ளி ரீச்சர்.

கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, மதில் கட்டிய ஒரு வளவுக்குள் அந்த முன்பள்ளி இருந்தது. ரீச்சர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். மெலிந்த ஆள், சத்தமில்லாத குரல், பழைய ஸ்கூட்டி ஒன்று. பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நாங்களும் ரீச்சர் என்றுதான் கூப்பிட்டோம், அப்படியே இருக்கட்டும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எவர் கதைத்தாலும், எவ்வளவு தடுமாறினாலும், அவர்களுடைய சொல்லை அவர் எடுத்துக் கொடுக்கமாட்டார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்தபடி இருப்பார். தலையாட்டுவதில்லை, “ம்” கொட்டுவதில்லை. குழந்தைகளோடு மட்டும் அப்படியென்றால் படிப்பிக்கும் முறை என்று விட்டுவிடலாம். வானில் பாண் விற்க வருகிறவரோடும் அப்படித்தான். ஊர்ச் சங்கக் கூட்டத்தில் தலைவர் அடுத்த சொல்லைத் தேடிக் கண்ணை மூடும்போது நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு சொல்லை எறிவோம், இவர் மட்டும் பேசாமல் இருப்பார். ரயில் கடவை பூட்டியிருந்தால் மற்றவர்கள் எஞ்சினை உறுமிக்கொண்டு நிற்க, இவர் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஆறுதலாகத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடவை திறந்த பிறகு பின்னாலிருந்து ஹோன் அடித்துத்தான் அவரைக் கிளப்பவேண்டும். அடித்தவர்களில் நானும் ஒருவன்.

என் மகள் கீர்த்தனாவைச் சேர்க்கப் போன நாளில்தான் முதல்முதலாக மாட்டிக்கொண்டேன். அவளுக்கு அப்போது நாலு வயது. பேச்சு மூன்று வயதில் நன்றாகத்தான் வந்தது. பிறகு என்ன நடந்ததோ தெரியவில்லை, சொல் வாயில் சிக்கத் தொடங்கியது. கானா, பானா இரண்டும் அவளுக்கு எமன். ‘க’ என்று தொடங்கினால் அங்கேயே நின்றுவிடும், கழுத்து நரம்பு எழும்பும், கண் இறுகும். பெயரையும் நாங்களே வில்லங்கமாகக் கானாவில் வைத்துத் தொலைத்துவிட்டோம். அவள் படும் பாட்டைப் பார்க்கமுடியாமல் அவளுக்காக நானே கதைத்துவிடுவேன். வீட்டுக்கு வருகிறவர் அவளிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டால் நான் சொல்வேன், ஐஸ்கிறீம் கடையில் என்ன வேண்டும் என்று கேட்டாலும் நான் சொல்வேன். கொஞ்ச நாளில் அவள் வாய் திறப்பதையே குறைத்து, விரலால் காட்டப் பழகிவிட்டாள். அந்த விரல்தான் எனக்குப் பயத்தைத் தந்தது. இப்படியே முதலாம் வகுப்புக்குப் போனால், நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் இவள் ஒரு மூலையில் விரலை மட்டும் நீட்டிக்கொண்டு இருந்துவிடுவாளோ என்று நித்திரை வராது.

ரீச்சர் சின்னப்பிள்ளைகளின் கதிரை ஒன்றில் அவளுக்கு நேராக இருந்து, பெயர் என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவளிடமே மறுபடியும் கேட்டார். காது கொஞ்சம் மந்தமாக்கும் என்று நினைத்து இன்னும் உரத்துச் சொன்னேன்.

“அண்ணை, உங்கடை பேரைப் பிறகு கேக்கிறன்” என்றார், மரியாதையாகத்தான்.

பிறகு காத்திருந்தார். கீர்த்தனா என் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். சுவரில் மணிக்கூட்டு முள் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ரீச்சர், “பரவாயில்லை பிள்ளை, நாளைக்கும் கேப்பன்” என்று எழுந்துவிட்டார். சொன்னபடி அடுத்த நாளும் வாசல் படலையில் நின்று கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். பதினோராம் நாள் அவள் சொன்னாளாம். எவ்வளவு நேரம் எடுத்தது என்று மனைவியிடம் கேட்டேன். தான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, ரீச்சரும் பார்க்கவில்லை என்றாள். அன்றைக்குச் சந்தையில் கத்தரிக்காய் வாங்க வந்த எல்லாருக்கும் இந்தக் கதையையும் சேர்த்துக் கொடுத்தேன்.

எங்கள் சொந்தத்தில் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. ஒருவர் நாக்கில் வசம்பு பூசச் சொன்னார், இன்னொருவர் கண்டித்து வளர்த்தால் கொன்னை தானாகப் போகும் என்றார். ரீச்சர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றார். கொண்டுபோனோம். அங்கே பயிற்சி கொடுக்கிற இளம்பிள்ளையும் அவசரப்படுத்தாதீர்கள், சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொன்னா. இரண்டு பேரும் கதைத்துவைத்துக்கொண்டு சொல்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

மனைவியின் சித்தி சொன்ன வைத்தியத்தை மட்டும் நான் தட்டவில்லை. வெள்ளிக்கிழமை கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போய், கேணியில் முழுக வைத்து, கோயிலில் அர்ச்சனையும் செய்துகொண்டு வந்தோம். திங்கட்கிழமை படலையில் இதை ரீச்சரிடம் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது, சிரிப்பாரோ என்று. அவர் சிரிக்கவில்லை. கீர்த்தனாவிடம் குனிந்து, கீரிமலையில் என்ன நடந்தது என்று கேட்டார். கேட்டுவிட்டு, தெரிந்ததுதானே, காத்திருந்தார்.

“அ… அப்பாவின்ரை செருப்பை ஆ… ஆரோ களவெடுத்திட்டினம்” என்றாள் என் மகள். நான் இடையில் புகப் பார்த்தேன். ரீச்சர் கையை மட்டும் சற்று உயர்த்தினார், பொலிஸ்காரர் மாதிரி. “அப்பா வெ… வெறுங்காலோடை நிண்டு கூ… கூ… கூடாத கதை கதைச்சவர். சாமிக்குக் கேக்கும் எண்டு அம்மா ஏ… ஏசினவ.”

அவள் வீட்டுக்கு வெளியே அவ்வளவு நீளமாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை. என் மானம் போனதுதான், ஆனாலும் அந்த ஒழுங்கையில் நின்று துள்ளவேண்டும் போல இருந்தது. கேணித் தண்ணீர் வேலை செய்துவிட்டது என்று சித்தி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறா. நான் மறுத்துப் பேசுவதில்லை.

பேச்சுப்போட்டி வந்தால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பெரியவர்கள் எழுதுவார்கள், பிள்ளைகள் பாடமாக்குவார்கள். ‘அவையோருக்கு’ என்ற இடத்தில் கை கும்பிடவேண்டும், ‘தமிழ்த்தாய்’ என்ற இடத்தில் கை வானத்தைக் காட்டவேண்டும். ரீச்சரிடம் பேச்சு எழுதித் தரும்படி கேட்டுப் போன ஒரு தாய்க்கு அவர் மறுத்துவிட்டார். நாங்கள் எழுதிக் கொடுத்தால் அது எங்கள் பேச்சு, பிள்ளைக்கு எதில் விருப்பமோ அதைப்பற்றிப் பிள்ளையே கதைக்கட்டும் என்றார். அந்தப் பிள்ளை மேடையேறித் தன் கோழியைப்பற்றிக் கதைத்தது. நாலே வசனம். கடைசி வசனம், “கோழி முட்டை போடேல்லை எண்டு அம்மா அதைக் கறி காய்ச்சிப்போட்டா” என்பது. மண்டபம் சிரித்தது, பரிசு கிடைக்கவில்லை. தாய்க்கு இரண்டு கிழமை வெளியே முகம் காட்டமுடியவில்லை. ரீச்சரோ, அந்தப் பேச்சில் அழவேண்டிய இடமும் இருந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை என்றார்.

எல்லா நேரமும் அவர் செய்தது சரி என்று சொல்லமாட்டேன். ஒருநாள் ஒரு சின்னப்பெடியன் ரீச்சருக்கு முன்னால் வந்து நின்று ஏதோ சொல்லப் பார்த்திருக்கிறான். அவர் வழக்கம்போலக் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிள்ளை சொல்ல வந்தது, ஒன்றுக்கு வருகிறது என்பதை. அது சொல்லில் வரும் முன் காற்சட்டையில் வந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். தாய் வந்து, இது என்ன படிப்பு, என்ரை பிள்ளையை வதைக்கிறதோ என்று கத்திவிட்டு அன்றே அவனை நிற்பாட்டிவிட்டா. சந்தையில் இந்தக் கதை வந்தபோது ரீச்சருக்கு எதிராகப் பெரிதாய்க் கதைத்தவன் நான்தான். பொறுமைக்கும் ஒரு அளவு வேண்டாமோ, நானென்றால் பார்த்த உடனே விளங்கியிருப்பேன் என்று மார்தட்டினேன்.

அன்று பின்னேரம் அவர் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். உள்ளே கூப்பிடவில்லை. படலைக்கு வெளியே நின்றபடி, பிழை தன்னுடையது என்று தாயிடமும் சொல்லி, பிள்ளையின் பெயரைச் சொல்லி அவனிடமும் தனியாக மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அடுத்த நாள் முன்பள்ளிக் கதவருகே, பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில், ஒரு சிவப்பு மட்டை தொங்கியது. மலசலகூடம் போகவேண்டிய பிள்ளை அதைத் தட்டிவிட்டுப் போகலாம், ஒருவரிடமும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சில விஷயத்துக்குக் கதை வேண்டாம் என்று தனக்கு இப்போதுதான் விளங்கியது என்றார். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர் தான் படித்ததை இப்படி வெளியே சொல்லிக்கொண்டு திரிவதை நான் வேறு எங்கும் கண்டதில்லை. அந்தப் பெடியன் ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிட்டான்.

ரீச்சரின் கணவருக்கு மன்னாரில் வேலை கிடைத்து, ரீச்சரும் அங்கே போய் ஏழு வருடமாகிறது. கீர்த்தனாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. சொல் இன்னும் சிக்கும், களைத்த நாளில் கூடுதலாகச் சிக்கும். அதைப்பற்றி அவள் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. உரும்பிராய்த் தோட்டக்காரருக்கு அவளைக்கொண்டுதான் இப்போது போன் எடுப்பிக்கிறேன். முதல் தடவை அவள் ‘கீ…’ என்று நின்றபோது, லைன் சரியில்லை என்று அவர் வைத்துவிட்டார். இவள் திருப்பி எடுத்து, லைன் நல்லாய்த்தான் இருக்கிறது, தன்னுடைய பெயர் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும், பொறுத்துக் கேளுங்கோ என்று சொல்லிவிட்டாள். இப்போது அவர் என்னோடு கதைப்பதைவிட அவளோடு கதைக்கத்தான் விரும்புகிறார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சிறுவர் சந்தையைச் சொல்லாமல் விட்டால் ரீச்சரைச் சொன்னதாக ஆகாது.

எங்கள் முன்பள்ளிகளில் வருடத்துக்கு ஒருநாள் சிறுவர் சந்தை வைப்பார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து காய்கறி, கீரை, பலகாரம் கொண்டுவந்து கடை போடுவார்கள், பெரியவர்கள் வாங்குவார்கள். பிள்ளை விற்கிறது என்று பெயர்தான், பின்னால் தாயோ தகப்பனோ நின்று எல்லாம் செய்வார்கள். கீர்த்தனாவின் முதல் வருடம், சந்தைக்காரன் மகள் கடை எப்படி இருக்கவேண்டும் என்று காட்டப் புறப்பட்டேன். வாழையிலை விரித்து, காய்களைக் கோபுரமாக அடுக்கி, அவளை முன்னால் இருத்திவிட்டுப் பின்னால் நின்று குரல் கொடுத்தேன். கால் மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. சனம் கைதட்டியது. வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு ரீச்சர் வந்தார்.

“உங்கடை வியாபாரம் நல்லாப் போச்சு அண்ணை” என்றார். “கீர்த்தனாவின்ரை கடை இன்னும் திறக்கேல்லை.”

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் ரீச்சரைத் திட்டிக்கொண்டே போனேன். கீர்த்தனா ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு வந்தாள். அன்று முழுவதும் அவள் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த வருடம் ரீச்சர் முற்றத்தில் நீளமாக ஒரு கயிறு கட்டினார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள், இந்தப் பக்கம் பெற்றோர். தாண்டக்கூடாது. அன்றைய பிரதம விருந்தினர், தையில் கீர்த்தனா சேரவிருந்த பாடசாலையின் அதிபர். அவருக்கு முன்னால் அவள் சிக்கி நின்றால், முதல் நாளிலேயே மொக்குப் பிள்ளை என்று பதிந்துவிடுவாரே என்று பயந்தேன். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். அவளுடைய கூடைக்குள் கானா, பானாவில் தொடங்கும் ஒரு மரக்கறியும் வைக்கவில்லை. கத்தரிக்காய், கறிமிளகாய், பயிற்றங்காய், பாகற்காய் எல்லாம் தள்ளுபடி. வெண்டிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய் மூன்றும்தான். இப்படி ஒரு புத்தி எந்தத் தகப்பனுக்கு வரும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால், அவளுக்கு முன்னால் நடுநாயகமாகக் கத்தரிக்காய் குவிந்திருக்கிறது.

மனைவியைப் பார்த்தேன். “என்னைப் பாக்காதேங்கோ, அவள்தான் குசினியிலை இருந்து எடுத்தவள்” என்றாள் அவள் மெதுவாக. “அப்பா கூடுதலா விக்கிறது கத்தரிக்காயாம். அது இல்லாமல் என்ன கடை எண்டு என்னட்டைக் கேட்டவள்.”

அதற்குள் அதிபர் அவளுக்கு முன்னால் வந்துவிட்டார். நல்ல மனிதர், சிரித்த முகம். வெண்டிக்காயைக் காட்டிக் கேட்கமாட்டாரா என்று வேண்டிக்கொண்டேன். அவர் குனிந்து கத்தரிக்காயைக் கையில் எடுத்து, இது என்ன பிள்ளை என்று கேட்டார்.

“க…” என்றாள் கீர்த்தனா. நின்றுவிட்டது. கழுத்து நரம்பு எழும்பியது. “க… க…” கயிறு என் வயிற்றில் இறுகியது, அவ்வளவு முன்னால் சாய்ந்து நின்றிருக்கிறேன். சொல் என் நாக்கு நுனியில் இருக்கிறது, வாழ்நாள் முழுவதும் கூவி விற்ற சொல். அவளோ விரலை நீட்டவில்லை. என்னையும் தேடவில்லை. அதிபரின் முகத்தையே பார்த்துக்கொண்டு அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அதிபருக்கு இரக்கம் வந்துவிட்டது போல, உதவி செய்யும் எண்ணத்தில் “கத்…” என்று தொடங்கினார்.

“பொறுங்கோ சேர்” என்றேன். என் குரல்தான். “அவ சொல்லுவா.”

அதிபர் நிறுத்திவிட்டார்.

“க… க… கத்தரிக்காய்” என்றாள். மூச்சு எடுத்தாள். “பா… பால்கறிக்கு நல்லது சேர். பொ… பொரிக்கவும் நல்லது.”

அதிபர் வாய்விட்டுச் சிரித்து, இரண்டு கை நிறைய வாங்கிக்கொண்டார். பெயரைக் கேட்டார். அதையும் அவளே சொன்னாள், நேரமெடுத்து. தையில் வகுப்புக்கு வந்து கத்தரிக்காய்க்காரி எங்கே என்று கேட்பேன் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.

ரீச்சர் பார்த்தாரா என்று திரும்பினேன். அவர் முற்றத்தின் மறுகோடியில் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு பிள்ளையின் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வருடம் முழுவதும் அவளுக்காகக் காத்திருந்தவர், அன்று பார்க்கத் தேவையில்லை என்று இருந்துவிட்டார். அந்த மனுசியில் எனக்கு அன்று வந்த மதிப்பு இன்றுவரை குறையவில்லை.

வரிசையில் அடுத்தது நான். “உ… உங்களுக்கு என்ன வேணும்?” என்று கீர்த்தனா கடைக்காரியாகவே கேட்டாள். கத்தரிக்காய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டை அடைத்துவிட்டது. சந்தை முழுக்கக் கேட்கும் என் குரல் ஒரு சொல்லுக்கும் எழும்பவில்லை, கண் வேறு நிறைந்துவிட்டது. கீர்த்தனா கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு தகப்பன் பொறுமையில்லாமல், அண்ணைக்குக் கத்தரிக்காய்தான் வேணுமாம், குடுங்கோ பிள்ளை என்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“பொ… பொறுங்கோ” என்றாள். “அப்பா சொல்லுவார்.”